எதில் வந்தாய் என்று மட்டும் கேட்டவர்

கோவில்பட்டியில் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்குத்தான் எனக்கு போன் வரும். போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். பேசியது ராசு, ராஜபாளையம் மில்லில் எங்களோடு வேலை பார்த்தவன். "டைம் ஆபீஸ் அண்ணாச்சி தவறிட்டாக. விடியக்காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்தவக அப்படியே சாஞ்சிட்டாக. நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல அடக்கம். வந்து சேரு" என்றான். நான் ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டான். இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ அவனுக்கு.

கட்டியிருந்த வேட்டியோடு கிளம்பினேன். கிளம்புமுன் பீரோவைத் திறந்து ஒரு பழைய சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாத்தூரில் ஒரு பஸ், சிவகாசியில் ஒரு பஸ். சிவகாசியைத் தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது மணி ஐந்தே கால். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைப் படிக்கும் பழைய மில்காரர்களான உங்களில் பலருக்கு டைம் ஆபீஸ் ஞானமுத்து அண்ணாச்சியை மில் வாசலில்தான் தெரியும். வேலைக்கு வந்ததற்கு அடையாளமாகத் தொழிலாளர்கள் எடுக்கும் பித்தளை டோக்கன்கள் தொங்கும் பலகை; அதற்கு ஒரு கம்பிவலைக் கதவு. சங்கு ஊதிப் பத்து நிமிஷம் ஆனதும் கதவைச் சாத்திப் பூட்டிவிடுவார். அதன் பிறகு வருகிறவர் அவர் ஜன்னலில் நின்று லேட் சீட்டு வாங்கினால்தான் உள்ளே போகலாம். அதட்ட மாட்டார், முகத்தைச் சுளிக்க மாட்டார். ஆனால் பூட்டிய கதவை யாருக்காகவும் திறந்ததில்லை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன அந்த மனிதர், எனக்குத் தெரிந்து ஒரு நாளும் பிந்தி வந்ததும் இல்லை.

நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். சங்கரலிங்கம் என்றால் கோபக்காரன் என்று மில்லில் பெயர். அது பொய்ப்பெயர் அல்ல.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மனமகிழ் மன்றம் காணும் பொங்கலன்று பிள்ளைகளுக்குக் கார் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தது. கைக்கு அடங்குகிற மரக் கார். ஸ்டோர்ஸில் கழித்துப் போட்ட, நூல் சுற்றும் மர பாபின்களை லேத்தில் வில்லை வில்லையாக அறுத்து, கேட்ட பிள்ளைக்கெல்லாம் நான்கு சக்கரம் கொடுப்போம். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக். உடம்பை அவர்களே செய்துகொள்ள வேண்டும். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நீளமான பலகைச் சரிவு, அதில் நான்கு தடம். மேலே தடுப்புக் கட்டையை எடுத்தால் நான்கு கார்களும் ஒன்றாக உருண்டு கீழே வரும். முதலில் வந்தால் நான்கு மார்க், கடைசியில் வந்தால் ஒன்று. நான்காவது தடத்துப் பலகை கொஞ்சம் நெளிந்தது, அதில் எந்தக் காரும் மெதுவாகத்தான் வரும். அதனால் ஒவ்வொரு காரும் நான்கு தடத்திலும் ஒவ்வொரு முறை ஓட வேண்டும். நான்கிலும் ஜெயித்தால் பதினாறு மார்க்.

முதல் வருடம் பெயர் எழுதுவது என் பொறுப்பு. ஒன்பது மணி என்று நோட்டீஸில் போட்டிருந்தோம். ஒன்பதே காலுக்கு மம்சாபுரத்திலிருந்து ஐந்தாறு பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்கள். "ஒம்பதுன்னா ஒம்பதுதான், போங்க" என்று நோட்டை மூடிவிட்டேன். அவர்கள் போகவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், கையில் காரை வைத்துக்கொண்டு, பந்தயம் முடியும்வரை நின்று பார்த்தார்கள். சரிவின் அடியில் உட்கார்ந்து எந்தக் கார் முதல் என்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது.

"அந்தப் பிள்ளைக நின்ன இடத்துல ஒரு செத்த நேரம் நம்ம நின்னு பாத்திருக்கணும், தம்பி" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "நீங்க மில்லு வாசல்ல செய்றதத்தான அண்ணாச்சி நான் இங்க செஞ்சேன்? உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அவர் கோபப்படவில்லை. "மில்லுல ஒருத்தன் லேட்டா வந்தா, அவன் வார வரைக்கும் முந்தின ஷிப்டுக்காரன் மிஷின விட்டு நகர முடியாது. அவன் காலு கடுக்க நிப்பான். நான் கதவச் சாத்துறது அவனுக்காக. இங்க இந்தப் பிள்ளைக லேட்டா வந்ததுல யாருக்குக் காலு கடுத்துச்சு?" என்று கேட்டார். தோற்கும்போது நான் எப்போதும் செய்வதைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவர் ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு எடுத்து வந்தார். எந்த ஓட்டத்தில் எந்தத் தடத்தில் யார் கார் என்று முன்கூட்டியே எழுதியிருந்தது. பந்தயம் ஒன்பதுக்குத் தொடங்கிவிடும், யாருக்காகவும் நிற்காது. வராத பிள்ளையின் தடம் காலியாகவே இருக்கும், மற்ற மூன்று கார்கள் ஓடும், அந்த மூன்றின் மார்க்கும் அப்படியே நிற்கும். பிந்தி வந்த பிள்ளை மிச்ச ஓட்டங்களில் சேர்ந்துகொள்ளலாம். தவறவிட்ட ஓட்டங்களை எல்லாம் முடிந்தபிறகு, அதே தடத்தில், அதே மூன்று கார்களோடு இன்னொரு முறை நடத்துவோம். அதில் மார்க் பிந்தி வந்த பிள்ளைக்கு மட்டும். "நேரத்துக்கு வந்த பிள்ளைகிட்ட இருந்து ஒண்ணையும் எடுக்கக் கூடாது. லேட்டா வந்த பிள்ளைய ஓட விடாம அனுப்பவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கான்னு பாத்தேன், இருக்கு" என்றார்.

மில்லில் மிஞ்சிய லேட் சீட்டுப் புத்தகம் ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். பெயர், நேரம், காரணம் என்று மூன்று வரி அச்சடித்த சீட்டு. பிந்தி வரும் பிள்ளையிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எதுல வந்தே?" பஸ், சைக்கிள், நடை என்று சொன்னதை நேரத்துக்குப் பக்கத்தில் எழுதுவார். காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கும் கூட, "வந்துவிட்டார்" என்று எழுதிக் கிழித்துக் கொடுப்பார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "முப்பது வருசமா காரணம் கேட்டுக் கேட்டு எழுதினவன் நான். காரணம் கேட்டா பொய் சொல்ல வச்சிருவோம், தம்பி. எதுல வந்தேன்னு கேட்டா யாரும் பொய் சொல்றதில்ல" என்றார்.

ஒரு வருடம் ஒரு பெரிய அதிகாரியின் பிள்ளை இரண்டு ஓட்டம் தவறியபின் வந்து இறங்கினான். "மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருங்களேன், என்ன இப்ப?" என்றார் அப்பா. நான் நோட்டைப் புரட்டப் போய்விட்டேன். அண்ணாச்சி குனிந்து பிள்ளையிடம், "எதுல வந்தீக?" என்றார். "அம்பாசிடர்ல." எழுதிக் கொடுத்தார். "தவறுன ரெண்டு ஓட்டமும் கடைசில உங்களுக்கு இருக்கு. உங்க முறை வார வரைக்கும் அந்தப் பிள்ளைகளோட உக்காருங்க." அப்பா என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவரும் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இனிச் சொல்லப்போவது நான் யாரிடமும் சொல்லாதது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம். என் மகள் வசந்தி அப்போது ஐந்தாம் வகுப்பு. இரண்டு வருடம் ஓடியும் கப் கிடைக்கவில்லை. மூன்றாவது காருக்கு அடியில் நட்டு வைத்துக் கனம் ஏற்றி, அச்சில் பென்சில் தூள் போட்டு, ஒரு மாதம் அதையே கட்டிக்கொண்டு கிடந்தாள். அன்று மூன்று ஓட்டத்தில் முதல், நெளிந்த தடத்தில் மட்டும் இரண்டாவது. பதினைந்து மார்க். அவ்வளவு மார்க் வேறு யாருக்கும் இல்லை. "காரைக் கொண்டுபோய் சைக்கிள் பையில் வை" என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொன்னபோது என் மனதில் சூது எதுவும் இல்லை.

வத்திராயிருப்பிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை தன் அம்மாவோடு பிந்தி வந்திருந்தாள். "எதுல வந்தே?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "பஸ்ஸுல வந்தோம், சுந்தரபாண்டியத்துல நின்னுருச்சு, பொறவு நடந்தோம், பொறவு வேற பஸ்ஸு" என்றாள். மூன்றையும் எழுதினார். மிச்சமிருந்த இரண்டு ஓட்டத்திலும் அவள் கார்தான் முதல். தவறிய இரண்டிலும் ஜெயித்தால் பதினாறு. கணக்கு நோட்டு என் மடியில்தான் இருந்தது.

தவறிய முதல் ஓட்டத்தில் வசந்தியின் கார் ஓடியிருந்தது. "வசந்தி காரக் கொண்டாங்க" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "அத வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாக அண்ணாச்சி. அதே மூணு காரும் இல்லாம ஓட்டுனா செல்லாதுன்னு நீங்கதான விதி போட்டீக?" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மில் ஜன்னலில் பார்க்கும் அதே பார்வை. "வாஸ்தவம்தான். செல்லாது" என்றார். பேச்சியம்மாளின் அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இப்ப வராதது யாரு? வசந்தி காருதான். வராத காருக்கு நம்ம என்ன செய்வோம்? எல்லாருக்கும் செய்றதத்தான் செய்வோம். வார வரைக்கும் ஓட்டம் பாக்கி நிக்கும். எதுல போவீக, தம்பி?"

"சைக்கிள்ல."

"அப்ப சைக்கிள்ல போய்ட்டு வாங்க. காத்திருக்கோம்."

கார் இருந்த பை கேரியரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதோடுதான் நான் வீட்டுக்கு மிதித்தேன். வீடுவரை போகவில்லை, தெருமுனை டீக்கடையில் நின்றேன். டீயைக் கூடக் குடிக்கவில்லை. அங்கே மைதானத்தில் முப்பது நாற்பது பிள்ளைகளும் நீங்களும் வெயிலில் எனக்காக உட்கார்ந்திருந்தீர்கள். வத்திராயிருப்பு பஸ்ஸைப் பற்றி அந்த அம்மா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாளாம். பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் ஒரு காரணம் யோசித்தேன். வீடு பூட்டியிருந்தது, சாவி பக்கத்து வீட்டில், இப்படி.

அண்ணாச்சி சீட்டுப் புத்தகத்தோடு நின்றார். காரணம் கேட்கவில்லை. "எதுல வந்தீக?" என்றார்.

"சைக்கிள்ல, அண்ணாச்சி."

எழுதினார். பெயர்: சங்கரலிங்கம். நேரம். பக்கத்தில் சைக்கிள். காரணம்: வந்துவிட்டார். கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சரிவின் அடியில் போய் உட்கார்ந்தார்.

பேச்சியம்மாளின் கார் ஒரு சாண் முன்னால் வந்தது. அடுத்த ஓட்டத்திலும் அதுதான். கப்பை வாங்கிக்கொண்டு தாயும் மகளும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். வசந்தியின் பதினைந்தில் ஒரு மார்க்கும் குறையவில்லை, இரண்டாம் பரிசு அவளுக்குத்தான்.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்திருந்தவள், தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "நான் காரப் பையிலதானப்பா வச்சேன். நீங்க ஏன் வீட்டுக்குப் போனீக?"

நான் மணியடித்துக்கொண்டே மிதித்தேன். ரோட்டில் குறுக்கே ஒரு ஆளும் இல்லை.

அண்ணாச்சிக்குத் தெரியும். வாசலில் முப்பது வருடம் முகம் பார்த்தவருக்குக் கேரியரில் தொங்கும் பையா தெரியாது? நான் பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு கேள்வியை எனக்குக் கேட்டார், அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில நாள் பிடித்தது. அதன் பிறகு நாங்கள் வருடாவருடம் பந்தயம் நடத்தினோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம், அவர் பேரனுக்கு நான் சக்கரம் அறுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாய்வரை வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஓய்வு பெற்றுக் கோவில்பட்டிக்கும் வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சிவகாசி தாண்டினதும் டயரு, மதினி, மாத்து டயருலயும் காத்து இல்ல" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். எதுல வந்தீக, தம்பி?" என்றார்.

"பஸ்ஸுல, மதினி."

அவர் தன் மகன் சாமுவேலைக் கூப்பிட்டார். "பஸ்ஸுல வந்திருக்காக. மண்ணு போடாம அனுப்புனா அவிய நம்மளச் சும்மா விடமாட்டாக. கூட்டிட்டுப் போ." சாமுவேல் எழுந்தான், ராசு எழுந்தான், பெட்டி தூக்கிய இன்னொருவரும் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த மூன்று பேரும் ஏற்கெனவே மண் போட்டவர்கள். எனக்காக இன்னொரு முறை வந்தார்கள்.

ஈர மண்ணில் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். "கார் பையிலதான் இருந்துச்சு, அண்ணாச்சி" என்று உரக்கவே சொன்னேன். ராசு என்ன என்று கேட்கவில்லை. அன்று அவர் கிழித்துக் கொடுத்த சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வரலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். மனம் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று வெயிலில் எனக்காகக் காத்திருந்த உங்களுக்கும், வத்திராயிருப்புப் பேச்சியம்மாளுக்கும், அவள் அம்மாவுக்கும் இதை இப்போது சொல்லிவிட்டேன். ரொம்பத் தாமதம்தான். காரணம் மட்டும் கேட்காதீர்கள்.