பெரிய மருமகளின் விடுமுறை நாள்

பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை ஆறு வருடமாகப் பெரிய மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் கை. பெயர் மட்டும் அவள் கணவனுக்கு: தகப்பனைக் கைவிடாத பிள்ளையாம்.

குளிர்கால விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து நாத்தனார் வந்தாள். "நாளைக்கு நகரத்துக்குப் போய் ஆற அமர சுத்திட்டு வாங்க அண்ணி. அப்பாவ நான் பாத்துக்க மாட்டேனா?" என்றாள்.

கரும்பு தின்னக் கூலியா? ஆனாலும் பிளாஸ்கில் வெந்நீரை நிரப்பிவைத்து, அவராகக் கேட்க மாட்டார், அடிக்கடி ஸ்பூனால் புகட்டு என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் மருமகள் பஸ் ஏறினாள்.

நகரத்தில் ஏரியைச் சுற்றி மெதுவாக நடந்தாள். அருங்காட்சியகத்தில் யானையின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் கால் வலிக்கும்வரை நின்றாள், யாரும் கூப்பிடவில்லை. கடைத்தெருவெல்லாம் சரம் சரமாய் விளக்கு. ஒரு கடையில் சால்வைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தாள். கடைக்காரர் முகம் சுளித்தார். அதுகூட நன்றாகத்தான் இருந்தது. டீயைச் சூடு ஆறுமுன் குடித்து முடித்தாள். மாதம் ஒரு நாள் இப்படிக் கிடைத்தால் மிச்ச நாளைத் தள்ளிவிடலாம். இன்றைக்கே கணவனிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள்.

இருட்டுமுன் வீடு திரும்பினாள். கணவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா சமத்தா தூங்கறார் அண்ணி. ஒரு தொந்தரவும் இல்ல," என்றாள் நாத்தனார்.

பெரியவரின் நாக்கு செருப்புத் தோலாய்க் காய்ந்திருந்தது. தோளைத் தட்டியும் கண் திறக்கவில்லை. காலையில் கட்டிய டயப்பர் அப்படியே இருந்தது, ஏறக்குறைய ஈரமில்லாமல். பிளாஸ்கும் நிறைந்தபடியே இருந்தது. கேட்டதற்கு, ஒரு நாள் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகிவிடும், டயப்பர் மாற்றத் தனக்குக் குமட்டுகிறது என்று நாத்தனார் முனகினாள். தண்ணீர் குறைந்தால் மாற்றுவதும் குறையும்: படுத்துக் கிடப்பவர்களின் வீடுகளில் இந்தக் கணக்குப் போடாத உறவினர் குறைவு.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இவரைக் கவனிப்பது யார் என்று கேட்டார்.

"என் மனைவிதான். இன்னிக்குன்னு பாத்து ஊர் சுத்தப் போயிட்டா," என்றான் கணவன்.

"தண்ணி வச்சிட்டுத்தான் போனேன் டாக்டர். பக்கத்துல மகனும் இருந்தார், மகளும் இருந்தா. யாருக்கும் கை வரல," என்றாள் மருமகள்.

சலைன் ஏற்றியதில் பெரியவர் பிழைத்துக்கொண்டார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. டாக்டர் முன்னால் குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்பதுதான் பேச்சு. நாத்தனார் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு முன்கூட்டியே விமானம் ஏறினாள். போகும்போது அண்ணியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மாதம் ஒரு நாள் என்பதை மருமகள் கேட்கவே இல்லை. கேட்டால் கணவன் சரி என்றுகூடச் சொல்லியிருப்பான். யாரிடம் விட்டுவிட்டுப் போவது?