அக்னி மூலையில் ஒரு துளை

மலேசியாவில் பந்திங், ஜெஞ்சாரோம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுவது என் தொழில். எங்கள் பக்கம் களிமண். துளைமுனை வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். தங்கை வாழ்க்கைப்பட்டதோ ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரில். அங்கே எங்கே தோண்டினாலும் பாறைதான். கோடையில் அவள் வீட்டு ஏர்கோன் திணறித் திணறி நின்றுவிடும். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. "இந்தக் கோடையும் இப்படின்னா பிள்ளையைத் தூக்கிட்டு கிள்ளானுக்கே, அம்மாகிட்ட வந்துருவேன்ணே. அவரு வேலைய விட்டுட்டு வர முடியாது," என்றாள். குடும்பம் இரண்டு இடமாகிவிடுமே என்று எனக்குப் பயம்.

மாப்பிள்ளை கடைசியாக ஒரு வழி பார்த்தார். ஆழமாகத் துளையிட்டு, குழாயில் தண்ணீரைச் சுற்றவிட்டு, வீட்டுச் சூட்டைப் பூமிக்குள் இறக்கிவிடும் இயந்திரம். பாறையில் நடக்குமா என்று என்னைக் கேட்டார். "தாராளமா போடுங்க. காஞ்ச மணலைவிடப் பாறை சூட்டை நல்லா வாங்கும். துளை போடறதுதான் பாடாப் படுத்தும்," என்றேன்.

அம்மா சும்மா இருப்பாரா? துளை என்று காதில் விழுந்ததுமே, "ஈசானிய மூலையிலதான் போடணும், சொல்லிட்டேன்!" என்று போனைப் பிடுங்கினார். தங்கையும் மறுபேச்சில்லாமல் வடகிழக்கில் இடம் காட்டிவிட்டாள். அங்கே உடைந்த கற்களுக்குள் துளைமுனை சிக்கிக்கொண்டது. துளை போடுகிறவர் கையை விரித்துவிட்டார். வீடியோவில் தங்கை அழுதாள்.

எனக்கு வந்ததே கோபம்! "அம்மா, இது கெணறு இல்ல! தண்ணி எடுக்கல, சூட்டைப் பொதைக்கிறோம்!"

அம்மா திகைத்துப்போனார். "சூடா? அடப்பாவி, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? சூட்டைக் கொண்டுபோய் ஈசானியத்துல வைப்பாங்களா? அது அக்னி மூலைக்குப் போகணும் லா!"

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு வழியும் தெரியாததால் தென்கிழக்கில் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொன்னேன். வெடிப்பே இல்லாத முழுப்பாறை! துளை மெதுவாக இறங்கியது, ஆனால் நேராக இறங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நேற்று மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். வெளியே அனல். உள்ளே குழந்தை போர்வைக்குள் சுருண்டு நல்ல தூக்கம். "நாங்க இங்கயே இருந்துக்கிறோம்ணே," என்று சிரித்தாள்.

பேத்தி வருவாள் என்று உள்ளூர ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அம்மா போனையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எழுப்பாதடி, நல்லா தூங்கட்டும்," என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? எனக்கு பாஸ்போர்ட் எடு."