இரண்டு சாண் நான்கு விரல்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது அப்பா ஒரு மரக்காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இழுவை லொறியின் முதுகில் அது செவன் ஹில்ஸில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டார் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். முன்பாதி சாதாரணப் பழைய கார்தான். வட்டக் கண்களும் உருண்ட மூக்கும். பின்பாதி மரம். அலங்காரத்துக்கு ஒட்டிய மரமில்லை. தூண், சட்டம், வளைவு எல்லாவற்றையும் மரத்தில் செய்து, இடையில் தகடு அடைத்து, கண்ணாடி பூட்டியிருந்தார்கள். யாரோ ஒரு சின்ன வீட்டைக் கட்டத் தொடங்கி, பாதியில் மனம் மாறி அதற்குச் சில்லுப் பூட்டிவிட்டதுபோல இருந்தது. யன்னலோரத்து மரத்தில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. ஒரு மூலையில் இரண்டு காளான்கள் முளைத்திருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அம்மா வாயைப் பிளக்கவில்லை. "உந்தக் காரை எங்க கொண்டுபோய் வைக்கப்போறியள்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் பலகை அறுப்பவர். கார் என்றால் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். அவருக்குத் திடீரென்று ஏன் இந்த ஆசை பிடித்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆம்பிளைகளுக்கு நாற்பது வயதில் இப்படி ஏதாவது வரும், கொஞ்ச நாளில் மாறிவிடும் என்று கோயிலில் ஒரு அன்ரி அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்.

அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தார். அகதியாகப் படகில் வந்ததால் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு மூன்று பேரும் பார்க்கப் போவோம். எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத்துக்கும் குறைந்த தூரம். முதல் மாதங்களில் மாமா நிறையக் கதைத்தார். என் பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லாம் கேட்டார். பிறகு கேள்விகள் குறைந்தன. பிறகு பதில்களும் குறைந்தன. அந்த ஆண்டு நடுப்பகுதியில், மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அம்மா திறந்து வைத்த சோற்றுப் பெட்டியைப் பார்த்தபடியே இருந்துவிட்டு, நேரம் முடிந்ததும் எழுந்து போகத் தொடங்கினார். எனக்கு அது பெரிய விடயமாகத் தெரியவில்லை. கதைக்காத பெரியவர்கள் வேறு சிலரையும் எனக்குத் தெரியும்.

கார் வந்த வாரம் அப்பா அதைப் படமெடுத்து, கடையில் தாளில் அச்சடித்து எடுத்து வந்தார். கைபேசியை முகாமுக்குள் கொண்டுபோக முடியாது. சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தார். மாமா பார்த்தார். முகத்தைத் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். பிறகு கையை நீட்டி, யன்னலடியில் பச்சையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"பாசி பிடிச்சிருக்கு அத்தான். தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கும்."

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வசனம் அதுதான். அம்மா கைக்குட்டையைத் தேடினார். அவருக்குத் தடிமன் என்று நான் நினைத்தேன்.

ஊரில் மாமா ஓட்டிய வாடகைக் கார் இதே வகை, இதே மரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அதை வருடக்கணக்காக ஓட்டி, உடைந்ததை எல்லாம் தானே கழற்றிப் பூட்டி வைத்திருந்தவர். அன்று அவர் பிளாஸ்ரிக் கரண்டிகளை எடுத்து மேசையில் அடுக்கினார். இது பின்தூண், இது சில்லுக்கு மேலே வளைகிற சட்டம், இது கூரை தாங்குகிற பட்டை. கூரைக்கு ஒரு பிஸ்கற் பெட்டி. ஒரு கரண்டியை உருவினார், பெட்டி சரிந்தது.

"பார்த்தியளே? தூணைக் கழட்ட முதல் கூரைக்கு முண்டு குடுக்கோணும். இல்லாட்டி எல்லாம் கோணிப்போடும்."

கண் முன்னால் ஒரு கார் முழுதாக எழும்பி நின்றது. அடுத்த மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் மாமாவை அப்படி ஒரு ஆளாக நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

அளவுகள்தான் சிக்கல். மாமாவிடம் எல்லா அளவும் சாணிலும் விரலிலும் இருந்தன. அப்பாவின் கை சின்னது, அவருடைய சாண் உதவாது. மாமா என் கையைப் பிடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு மட்டும் தன் சாணை விரித்து வைத்துப் பார்த்தார். மயிரளவும் பிசகாமல் பொருந்தியது. "பிள்ளையின்ர கைதான் இனி என்ர சாண்," என்றார். பின்தூண் இரண்டு சாண் நான்கு விரல். கதவுச் சட்டம் மூன்று சாணுக்கு ஒரு விரல் குறைய. காரில் வீடு திரும்பும்போது நான் வாய்ப்பாடு சொல்வதுபோல இவற்றைச் சொல்லிக்கொண்டே வருவேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கராஜில் பலகையை நீட்டுவார். நான் கையை வைப்பேன். அவர் பென்சிலால் கோடு போடுவார். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பெரிதாக மதித்ததில்லை. கராஜில் நான் இல்லாமல் ஒரு மரமும் நகராது.

சாமான் தேடுவது அதைவிடப் பெரிய வேலை. அந்தக் கார் செய்வது நின்று பல காலம். பழைய கார் ஆர்வலர்களின் இணையக் குழு ஒன்றில் அப்பா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். முகம் தெரியாத தாத்தாமார் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார்கள். அவர்களில் ஒருவர், மலைகளுக்கு அப்பால் ஒரு பண்ணையில் இதே கார் ஒன்று கோழிக்கூடாக நிற்கிறது என்று எழுதினார்.

போனோம். மேட்டில், மஞ்சள் புல்லுக்கு நடுவில் அது நின்றது. சில்லுகள் இல்லை, முன்பாதி இல்லை. ஆனால் நாங்கள் துண்டு துண்டாகத் தேடிக்கொண்டிருந்த மரக்கூடு முழுதாக, வெள்ளி நிறமாக வெளுத்து, ஒரு மூட்டும் விடாமல் நின்றது. உள்ளே பெட்டைக் கோழிகள் வரிசையாக இருந்தன. எங்கள் கார் நல்ல நாளில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கண்டேன். கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல அப்பாவும் நானும் நின்றோம்.

பண்ணைக்காரி எழுபது வயதுப் பெண். கூட்டைத் தரமாட்டேன், கோழிகள் பழகிவிட்டன, கழற்றி வைத்த சில்லறைச் சாமான் இருக்கிறது என்று ஒரு தகரப் பேணியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து கதவைத் தூணோடு பிணைக்கிற பிணைச்சல் இரண்டை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். அப்பா நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். இடது பிணைச்சலும் வலது பிணைச்சலும் ஒன்றல்ல, துளை மாறியிருக்கும் என்று மாமா போன சனி சொல்லியிருந்தார்.

"ரெண்டும் இடதுபக்கம்," என்றேன் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு பேணியைத் தரையில் கவிழ்த்து, வலதுபக்கத்தைத் தேடி எடுத்துத் தந்தார். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் மாமா சொன்னார் என்றேன். மாமாவின் வேலைத்தளம் எங்கே என்றார். வில்லாவுட்டில் என்றேன். அப்பாவுக்கு இருமல் வந்தது. அந்தப் பக்கம் நல்ல வேலைத்தளங்கள் இருப்பதாகக் கேள்வி, அவரை விட்டுவிடாதீர்கள் என்றார் அந்தப் பெண். நாங்கள் புறப்படும்போது ஒரு டசின் முட்டையும் தந்தார்.

சில கிழமை கழித்து, மரம் தேய்க்க உப்புத்தாள் தேடி அப்பாவின் கருவிப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்தேன். ஒரு புத்தகம் இருந்தது. எங்கள் காரின் படம் அட்டையில். உள்ளே ஒவ்வொரு மரத்துண்டும் தனித்தனியாக வரையப்பட்டு, அங்குலக் கணக்கில் அளவு போடப்பட்டிருந்தது. பின்தூண் பக்கத்தில் கூரைக்கு முண்டு கொடுக்கும் படமும் இருந்தது. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில் பென்சில் குறிப்புகள். புத்தகம் வந்த தபால் உறை அதற்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த திகதியைப் பார்த்தேன். காருக்கும் முன்னால் புத்தகம் வந்திருந்தது.

புத்தகத்தை அடித்து மூடினேன். அப்படியென்றால் என் கை எதற்கு? நான் மனப்பாடம் செய்த அவ்வளவும் எதற்கு? அப்பா பொய்க்காரர் என்று முடிவுசெய்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை அப்பா வழக்கம்போலப் படத்தை மேசையில் வைத்து, "இந்த மூட்டு எப்படித் தம்பி வரும்?" என்று முகத்தைச் சுருக்கினார். மாமா கரண்டிகளை எடுத்தார்.

"அப்பாட்டப் புத்தகம் இருக்கு மாமா," என்றேன். "எல்லா அளவும் அதில இருக்கு. அவருக்கு முதலே எல்லாம் தெரியும். சும்மா கேக்கிறார்."

அம்மா மேசைக்குக் கீழே என் தொடையை அழுத்தினார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சோற்றுப் பெட்டியின் மூடியை மூடினார், திறந்தார். மாமாவின் கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது. அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பத்து எண்ணும் மட்டும் பார்த்திருப்பார். இப்போது ஏச்சு விழும், அப்பாவுக்குத்தான் விழும் என்று நான் ஆவலோடு இருந்தேன்.

"புத்தகத்தில போட்டிருக்கிறது புதுக் காருக்கு பிள்ளை," என்றார் மாமா. "இது ஓடித் தேஞ்ச கார் எல்லோ." பிறகு அப்பாவிடம், "அத்தான், வாற கிழமை பின்கதவுப் பூட்டின்ர படத்தையும் கொண்டு வாங்கோ. அதில ஒரு சூட்சுமம் இருக்கு," என்றார்.

"ஓம் தம்பி," என்றார் அப்பா. "எனக்கு அது துண்டற விளங்கேல்லை."

பொய்யைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் இரண்டு பெரிய மனிதர்கள் ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அன்று மாமா சோறு முழுவதையும் சாப்பிட்டார். திரும்பும் வழியில் அப்பா என்னை ஏசவில்லை. மூட்டுக்கு எத்தனை விரல் என்று மட்டும் கேட்டார். நான் கையைச் சட்டைக்குள் ஒளித்தேன். பிறகு சொன்னேன், மூன்று என்று.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக, ஒரு சனியும் தவறாமல், அப்பா கேட்டார், மாமா சொன்னார். கார் மெல்ல மெல்ல எழும்பியது. புது மரத்துக்கு எண்ணெய் பூசிய நாளில் கராஜ் முழுவதும் தேன் நிறமாக மினுங்கியது. அம்மாகூட வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் பூட்டி முடிந்தது. ஆனால் அப்பா அதை ஒருநாளும் தெருவில் இறக்கவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பார்.

ஒரு வியாழக்கிழமை மாமாவைத் தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். அப்பா வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிவந்தார். மாமா வீட்டுக்குள் வரவில்லை. நேரே கராஜுக்குப் போனார். காரை ஒருதரம் சுற்றினார். பின்தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா காரின் திறப்பை நீட்டினார். இரண்டு பேரும் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். எந்திரம் ஒரே அடியில் பிடித்தது. நான் கைதட்டினேன். கார் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் எந்திரமும் நின்றுவிட்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு கையை அவர் முதுகில் வைத்திருந்தார், மறு கையால் தன் கண்ணைத் துடைத்தார்.

நான் குசினிக்கு ஓடினேன். "அம்மா, கார் திரும்பவும் பழுதாப்போச்சு," என்றேன்.