பிரசங்க மேடைக்குக் கீழே

நிலாவெளிப் பாதையை மூடிவிட்டார்கள். பஸ் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஓர்ஸ் ஹில் பக்கமாக நடந்துவந்து, பாட்டுச் சத்தம் கேட்ட பப்டிஸ்ட் தேவாலயத்துக்குள் நுழைந்து உட்காருகிறேன்.

பிரசங்க மேடையின் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறார்கள். கீழே ஒரு சீமெந்துத் தொட்டி. கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். இன்று ஒரு பெண்ணுக்கு முழுக்கு ஞானஸ்நானம்.

"முந்தி கடலிலதான் குடுக்கிறது. இப்ப நேவி விடாது" என்கிறார் பக்கத்துக் கதிரையில் இருக்கும் அம்மா. "செல் குண்டு அடிச்சா நாங்கள் இந்தத் தொட்டிக்குள்ளதான் ஒளிக்கிறனாங்கள்."

சுவரில் போதகர்களின் படங்கள். முதலில் வெள்ளைக்காரர்கள், பிறகு நம்மவர்கள். கடைசிப் படத்தில் மட்டும் மாலை வாடாமல் இருக்கிறது.

"இவருக்கு என்ன நடந்தது?"

"செல் விழுந்த அண்டைக்கு இங்க சனம் கூட. எங்களை எல்லாம் உள்ளுக்க இறக்கிப்போட்டு, பலகையை மூடினவர். தனக்கு இடமில்லையெண்டு அதுக்கு மேலயே படுத்திட்டார்."

சாய்த்திருக்கும் பலகைகளில் செல் துண்டுகள் கிழித்த வடுக்கள்.

"முழுக்கு எடுக்கிறது அவற்ற மகள். அவளும் எங்களோட உள்ளுக்க இருந்தவள்."

வெள்ளை உடுப்போடு அந்தப் பெண் படியிறங்குகிறாள். புதிய போதகர் அவளைத் தண்ணீருக்குள் சாய்த்து நிமிர்த்துகிறார். ஆமென் சொன்ன பிறகும் ஒருவரும் வெளியே போகவில்லை.

"இருட்ட முன்னம் தொட்டி காயோணும்" என்று அம்மா எழும்புகிறார். "இரவைக்கு வேணும்."

ஆனால் அவருக்கு முன்பே, தலையைக்கூடத் துவட்டாமல், தொட்டிக்குள் நின்றபடி முதல் வாளியை மொண்டு மேலே நீட்டுகிறாள் அந்தப் பெண்.