அப்பா கட்டிய ஹாஸ்டல் பெட்டி

எங்கள் வீட்டு முன்னறை விட்டத்தில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அதில்தான் தொட்டில் கட்டினார்களாம். கல்லூரிக்குக் கிளம்பிய அந்த ஆடி மாதத்தில் அதே கொக்கியில் அப்பா ஒரு கைத்தராசை மாட்டி, அதில் என் நீலப் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார். மேல்காற்று வாசல் வழியாக வந்து வந்து தொட, பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்லத் திரும்பியது. அடுத்த தெருவில் விசைத்தறிகள் ஓடும் சத்தம் விடாமல் கேட்டது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தராசு முள் நிற்பதற்காகக் காத்திருந்தார். முள் நிற்கவில்லை. அவருக்கும் அவசரமில்லை. அந்தப் பதினோரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாதித் தூக்கத்தில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

மஸ்கட்டில் பதினேழு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்த அப்பா, இனி எங்கும் போவதில்லை என்று ஊரோடு வந்தது அந்த வருடம்தான். நான் பிறந்து ஆறாம் மாதம் போனவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவில் வருவார். வருகிற அன்று வீடெல்லாம் சென்ட் வாசனை அடிக்கும். போகிற அன்று நான் கண் விழிப்பதற்குள் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன் கிளம்பியிருக்கும். அழுவேன் என்று எழுப்ப மாட்டார்கள். அவர் நிரந்தரமாக வந்து இறங்கியபோது எனக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருந்தது. அவர் வந்ததற்கும் நான் போவதற்கும் நடுவே பதினோரு நாள்தான். அதற்குள் அப்பாவோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மகளோடு என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை. அவருக்குப் பெட்டி கட்டத் தெரியும். அதனால் கட்டினார்.

அவர் துணியை மடிக்க மாட்டார். பாயைப் போலச் சுருட்டுவார். ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்று பிளாஸ்டிக் பை, அதற்குமேல் ஒரு துண்டு, சுற்றிலும் அணை கட்டியது மாதிரி என் சுடிதார்கள். மார்க் ஷீட் நகல்களை மூன்று இடத்தில் பிரித்து வைத்தார். அம்மா கோவில் புற்றுமண்ணைப் பொட்டலமாக மடித்துக்கொண்டு வந்தபோது, "ஏட்டி, மண்ணெல்லாம் வைக்காத. கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாப்பான்" என்றார். அம்மா பொட்டலத்தை இன்னும் இறுக்கி மடித்தாள். "இங்கன இருக்க கோயம்புத்தூருக்குப் போற பஸ்ஸுல எந்தக் கஸ்டம்ஸ்காரன் ஏறுதான்?" என்றாள். பிறகு அப்பா பெட்டியின் நான்கு பக்கமும் கறுப்பு மார்க்கரால் என் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். சங்கரன்கோவில், தமிழ்நாடு என்று எழுதியவர், கை நிற்காமல் இந்தியா என்றும் எழுதிவிட்டார். நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் கடைசியில் அவரும் வந்து சேர்ந்துகொண்டார். அவரோடு சேர்ந்து நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவையா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருக்கலாம்.

சாயந்திரம் கட்டியதைக் காலையில் பிரிப்பார். "மத்தவன் தூக்குவான்னு நெனச்சு பெட்டி கட்டக் கூடாது மக்கா. நீ தூக்குத அளவுதான் உன் சாமான்" என்பார். ஒரு நாள் போர்வையை வெளியே எடுத்தார். மறுநாள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அதற்கடுத்த நாள் இரண்டையும் திரும்ப உள்ளே வைத்தார். பெட்டி எப்போதோ கட்டி முடிந்துவிட்டது, அவருக்குத்தான் முடிக்க மனமில்லை என்பது ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. எனக்கும் மனமில்லை. பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேட்ட பொருளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோவில் தெருவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோழிகள் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டும் நான் போகவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில், ஒரு வார்த்தை சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய் எனக்குச் செருப்பு வாங்கி வந்தார். நல்ல தோல் செருப்பு. என் குதிகால் வெளியே நின்றது. அப்பா குழம்பிப்போய், பர்ஸிலிருந்து நான்காக மடித்த ஒரு நோட்டுத் தாளை எடுத்து விரித்தார். அதில் பென்சிலால் ஒரு பாதம் வரைந்திருந்தது. என் பாதம்தான். ஒவ்வொரு லீவுக்கு முன்பும் அம்மா என் காலைத் தாளில் வைத்து வரைந்து கடிதத்தோடு அனுப்புவாள். அந்த அளவுக்கு அங்கிருந்து செருப்பு வரும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் காலைக் கொடுக்கவில்லை. "வேணும்னா வந்து பாத்து வாங்கட்டும்" என்று அம்மாவிடம் கத்திவிட்டேன். அதற்குப் பின் வந்த லீவில் செருப்புக்குப் பதில் கைக்கடிகாரம் வந்தது. அந்தக் கடைசித் தாளை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருக்க, அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார்.

"அப்பா, நான் இங்கனதான இருக்கேன்" என்றேன். "என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

அவர் தாளை அதே மடிப்பில் மறுபடி மடித்தார். "பழக்கம் மக்கா" என்றார். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஒரு சண்டை போட எனக்குள் வார்த்தைகள் தயாராகத்தான் இருந்தன. அவர் அப்படிச் சொன்னதும் அழுதுவிட்டேன்.

அன்று சாயந்திரம் இருவருமாகப் போய்ச் செருப்பை மாற்றினோம். "அளவு சரியா இருக்கா அண்ணாச்சி?" என்று கடைக்காரர் அவரிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, "நடந்து காட்டு" என்றார். கடைக் கண்ணாடி வரைக்கும் நடந்து திரும்பினேன். "இன்னொருக்கா" என்றார். மறுபடியும் நடந்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கால்கள்மேல் கைகளை வைத்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நடக்க ஆரம்பிச்சதே உங்கம்மா எழுதித்தான் எனக்குத் தெரியும்" என்றார். கடைக்காரருக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். நான் மூன்றாவது முறையும் நடந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் நடந்தேன்.

அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூர் வரை கூடவே வந்தார்கள். ஹாஸ்டலில் ஆண்களுக்கு வரவேற்பறையோடு சரி. இரண்டாம் மாடிக்குப் பெட்டியை நானே தூக்கினேன், தூக்க முடிந்தது. மேலே போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தபோது, அப்பா கேட்டுக்கு வெளியே எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவராக நின்றிருந்தார். எப்போதும் கிளம்பிப் போகிற ஆளாகவே இருந்தவருக்கு, வழியனுப்பிவிட்டுத் திரும்புவது பிடிபடவில்லை. அம்மாவுக்கு அது பதினேழு வருடப் பழக்கம். அவர் முழங்கையைப் பிடித்து, "வாங்க, மொத நாள் இப்படித்தான் இருக்கும்" என்று கூட்டிப்போனதாகப் பிறகு சொன்னாள்.

இப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. சென்னையில் வேலை. லீவில் வந்து போகிறவள் இப்போது நான். வீட்டுக்குள் நுழைந்ததும், "எத்தன நாள் லீவு?" என்று அப்பா கேட்கிறார். நான் கிளம்பும்போது பெட்டி கட்டும் வேலையை அவர் இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. போன மாதம் அப்படிக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பேச்சை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகியிருந்தது. "ரெண்டு பேரும் என்கூட வந்திருங்க. இந்தத் தடவ உங்களுக்கு நான் பெட்டி கட்டுதேன்" என்றேன்.

அப்பா சுருட்டிய சேலையைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். "உனக்கு எத்தன பெட்டி வேணும்னாலும் கட்டித் தாரேன் மக்கா. எனக்குன்னு கட்டச் சொல்லாத. அங்கன மஸ்கட்ல பதினேழு வருசம் கெடந்ததே இங்கன வந்து இருக்கதுக்குத்தான்" என்றார்.

நான் வாசலுக்கு வந்து அலுவலகத்துக்குப் பேசினேன். திரும்பி உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, ஒரு மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அப்பா நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து என் பழைய அலமாரியில் அடுக்கினார். கடைசியாகக் காலிப் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"இதத் தூக்கிப் பரண்ல போடு" என்றார்.