போர்வைக்குள் இருந்த கை

அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்று சித்திரை வெயில். கோரிப்பாளையத்து ஆஸ்பத்திரி வாசலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. அந்த வெயிலிலும், தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்தபோது அம்மா பல் கிடுகிடுக்க நடுங்கினார்.

"மயக்க மருந்து குடுத்தா உடம்புச் சூடு இறங்கத்தான் செய்யும். உள்ள ஏசி வேற. நல்லா மூடி வைங்க, சரியாயிரும்" என்று நர்ஸ் இரண்டு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போனார்.

நான் நம்பவில்லை. ஊசி வலிக்காது என்று என்னிடம் சொன்னவரும் ஒரு நர்ஸ்தான்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவின் விரலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செத்தபோது இப்படித்தான் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஆனால் கால்மாட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு கை போர்வைக்குள் இருந்தது. நான் நுனியைத் தூக்கப் போனதும், "சும்மா இரு" என்று அதட்டினார்.

எதிரே இருந்த அத்தையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அக்கா, அம்மாவுக்கு மதினி.

"ஏன்டா தம்பி, கைய எதுக்கு உள்ள வச்சிருக்க?"

"கொசு கடிக்குதுக்கா."

"ஒத்தக் கைய மட்டுமா கடிக்குது?"

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதையோ மறைக்கிறார் என்பது உறுதியாகிவிட்டது.

அத்தை காபி வாங்கக் கீழே இறங்கியதும் போர்வையை விலக்கிவிட்டேன். கட்டு எதுவும் இல்லை. அப்பா அம்மாவின் பாதத்தைக் கைக்குள் பொத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, மதினி வந்துருவாக" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அம்மா உயிரோடுதான் இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பா போர்வையை இழுத்து மூடினார்.

"அத்தைட்ட சொல்லிறாத."

டாக்டருக்குத் தெரியாமல் ஏதோ வைத்தியம் பார்க்கிறார், அதனால்தான் இந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தைப்பொங்கலன்று, வழக்கம்போல அம்மா அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார். அப்பா சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அத்தை முறைத்தார். அப்பாவின் காலும் சில்லிட்டுப்போய்விட்டதோ, அதைத்தான் அம்மாவிடமிருந்து மறைக்கிறாரோ என்று அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தேகம்.