அழைப்பில் கேட்ட வண்டு

அன்று மாசாய் ஊரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான், என் கணவர், அவர் தங்கை, மூன்று பேர்தான். சிங்கப்பூரில் உள்ள ஒரு பல் கிளினிக்கிற்கு வீட்டிலிருந்தபடியே இணைய அழைப்பில் முன்பதிவு எடுப்பது என் புது வேலை. "அக்கா, உங்க லைன்ல வண்டு கத்துற மாதிரி சத்தம். நாளைக்கும் இப்படின்னா வேற ஆள்தான் பாக்கணும்" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில், பள்ளியை விட்ட எனக்கு இப்படி ஒரு வேலை மறுபடி கிடைக்காது.

ஆனால் தேடுவதில் நான் கெட்டி. நாத்தனாரைக் கைப்பேசியோடு வெளிக்கேட்டருகே நிறுத்தி, மடிக்கணினியிலிருந்து அவளை அழைத்து, சத்தம் கேட்கிறதா என்று சொல்லச் சொன்னேன். காற்றாடியை அணைத்தேன். சமையலறை ஐஸ் பெட்டியையும் அணைத்தேன்.

"இன்னும் இருக்கு அண்ணி. அண்ணன அடைச்சுப் பாருங்க லா!" என்று சிரித்தாள் நாத்தனார். எங்கள் பேச்சில் அடைப்பது என்றால் அணைப்பது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். சாமி மேடை அருகே போனதும், "அலமாக், இப்பதான் ரொம்ப கத்துது" என்றாள். மேடையில் மந்திரம் ஓதும் சின்னப் பெட்டி. குடிவந்த நாளிலிருந்து இரவு பகலாக ஓடுவதால் அது எங்கள் யார் காதிலும் விழுவதே இல்லை.

"சாமி பொட்டிய யாராச்சும் அடைப்பாங்களா?" என்று கணவர் பதறினார்.

"வேலை நேரத்துல மட்டும். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று பொத்தானை அழுத்தினேன்.

"இப்ப சுத்தமா இருக்கு அண்ணி!"

மறுநாள் மேற்பார்வையாளர் குறையே சொல்லவில்லை. வேலை நிலைத்தது. ஹெட்செட்தான் கோளாறு என்று முதலில் பயந்துபோய்த் தவணையில் வாங்கிய புது ஹெட்செட்டுக்குத்தான் இன்னும் தொண்ணூறு ரிங்கிட் பாக்கி.